டார்ச் பிடித்தவள்

எங்கள் வீட்டில் மோட்டார் பழுதானால் அப்பா கிணற்றடிக்குப் போவார். பின்னால் நான் போவேன். என் வேலை டார்ச் பிடிப்பது. ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து அவர் உள்ளே கைவிடும்போது வெளிச்சம் சரியாக அவர் விரல்மேல் விழவேண்டும். கொஞ்சம் விலகினால் திட்டு விழும். ஸ்பேனர் கேட்டால் ஸ்பேனர், கட்டிங் பிளேயர் கேட்டால் கட்டிங் பிளேயர். பத்து வயதிலிருந்து கல்லூரிக்குப் போகும்வரை இந்த வேலையைப் பார்த்திருக்கிறேன். எந்த ஒயர் எங்கே போகிறது என்பது எனக்கு மனப்பாடம். ஆனால் ஒரு திருகாணியைக்கூட நான் திருகியதில்லை. என் தம்பி எட்டாம் வகுப்பிலேயே கழற்ற ஆரம்பித்துவிட்டான். வீட்டு ரேடியோவைக் கழற்றிப்போட்டுவிட்டு மாட்டத் தெரியாமல் விழித்தபோது அப்பா சிரித்தார். "பையன் கழட்டித்தான் பழகோணும்" என்றார்.

கெடுத்துப் பழகும் உரிமை அவனுக்கு இருந்தது. எனக்கு வெளிச்சம் காட்டும் கடமை இருந்தது. இந்த வித்தியாசத்தை நான் புரிந்துகொள்ள முப்பத்துச் சொச்சம் வயதும் ஒரு பேஸ் கிட்டாரும் தேவைப்பட்டன.

பழநிக்கும் தாராபுரத்துக்கும் இடைப்பட்ட தொப்பம்பட்டி எங்கள் ஊர். மானாவாரிக் காடு, மக்காச்சோளம், முருங்கை, ஆடியில் ஆளைத் தள்ளும் காற்று. நான் ஒட்டன்சத்திரத்தில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். சித்தப்பா மகன் கல்லூரிக் காலத்தில் ஆர்கெஸ்ட்ராவில் வாசித்த பேஸ் கிட்டார், அவன் சிங்கப்பூர் போனபிறகு எங்கள் பரண்மேல் கிடந்தது. 2020 ஊரடங்கில் பரணைச் சுத்தம் செய்தபோது அது என் கைக்கு வந்தது. நான்கு தடித்த தந்திகள். கீழ்த் தந்தியை விரலால் இழுத்தேன். மார்புக்கூட்டுக்குள் ஏதோ அசைந்தது. அவனிடம் போனில் கேட்டேன். "எடுத்துக்கக்கா, சும்மாதான கெடக்குது" என்றான்.

செல்போனில் காணொளிகளைப் பார்த்துப் பழகினேன். பாட்டுகளில் அதுவரை கேட்காத ஒரு தளம் கேட்க ஆரம்பித்தது. இளையராஜா பாடல்களில் குரலுக்கும் வயலினுக்கும் அடியில் இன்னொரு மெட்டே தனியாக நடந்துபோவதை அப்போதுதான் கவனித்தேன். பேஸ் என்பது பெரும்பாலோர் தனியாகக் கேட்காத, ஆனால் எடுத்துவிட்டால் பாட்டு காற்றில் தொங்கும் பகுதி. வீட்டுவேலை மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் வாசிக்க முடியவில்லை. இடது கை பத்து நிமிடத்தில் மரத்துப்போகும். முதல் மூன்று கட்டங்களில் தந்தியை அழுத்துவதற்குள் மணிக்கட்டு நடுங்கும். பக்கத்து நகரத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். ஐந்து வாரம் வைத்திருந்து, புதுத் தந்தி மாற்றி, 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டு திருப்பித் தந்தார்கள். அழுத்துவது முன்னைப்போலவே இருந்தது. கேட்டதற்கு அந்தக் கடைக்காரர் மரியாதையாகத்தான் சொன்னார்: "லேடீஸ் கைக்கு பேஸ் கொஞ்சம் கஷ்டம்தாங்க மேடம். யுகலேலே டிரை பண்ணுங்களேன்."

அதை நான் நம்பினேன். இதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அவர் சொன்னதைவிட நான் நம்பியது. இரண்டு வருடம், தினமும் ரப்பர் பந்தை அமுக்கி விரலுக்கு வலு சேர்த்தேன். வலி வந்தால் என் உடம்பைக் குறைசொன்னேன். நம்மில் பலருக்கு இது பழக்கமான பாதை. நாற்காலி உயரமாக இருந்தால் நம் கால் குட்டை. தலைக்கவசம் பொருந்தாவிட்டால் நம் தலை சிறிது. பொருளை அளந்துபார்க்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுவதேயில்லை.

அளந்துபார்க்கச் சொன்னது எங்கள் ஊர் பைக் மெக்கானிக். கிளட்ச் கேபிள் மாற்ற ஸ்கூட்டியை விட்டிருந்தேன். கைவலியைப் பற்றிப் பேச்சு வந்தது. அவருக்குக் கிட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாது. "கிளட்ச் ஹார்டா இருந்தா கையக் கொற சொல்லுவமாக்கா? கேபிளத்தான பாப்போம்" என்றார். டேப்பெட் செட் பண்ண அவர் வைத்திருந்த ஃபீலர் கேஜை, இதழ் இதழாக மெல்லிய எஃகுத் தகடுகள் கொண்ட அந்தச் சின்னக் கருவியை, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கடன் கொடுத்தார்.

அன்று மாலை திண்ணையில் உட்கார்ந்து ஸ்டீல் ஸ்கேலை வைத்து அளந்தேன். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கும் தடித்த தந்திக்கும் நடுவே இரண்டு, அதிகம் போனால் இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் போதும். ஃப்ரெட் என்பது வீணையில் மெட்டு என்கிறோமே, அதுதான். என் கிட்டாரில் நான்கரை மில்லிமீட்டர் இருந்தது. ஸ்கேலைத் திருப்பிவைத்து மறுபடி அளந்தேன். நான்கரைதான்.

நான் அழவில்லை. கோபம்தான் வந்தது. கடைக்காரர்மேல் பாதி, என்மேல் பாதி. ஏறக்குறைய இரட்டை உயரத்தில் நின்ற தந்தியோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டிவிட்டு, பொம்பளைக் கை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்த சில மாதங்களில் நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதிவைக்கிறேன். கையில் கருவி இருக்கும் தோழி யாருக்காவது உதவும்.

ஒரு பேஸின் நான்கு தந்திகளும் சேர்ந்து எழுபது, எண்பது கிலோ அளவுக்குக் கழுத்தை இழுக்கின்றன. ஓர் ஆள் எப்போதும் தொங்கிக்கொண்டிருப்பது மாதிரி. அந்த இழுப்பில் மரம் முன்பக்கம் வளையும். அதை எதிர்க்கக் கழுத்துக்குள்ளே ட்ரஸ் ராட் என்று ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. அதன் முனையில் ஆலன் கீ போட்டுத் திருகலாம். வலப்பக்கம் திருகினால் கழுத்து நிமிரும், இடப்பக்கம் திருகினால் தளர்ந்து குனியும். அளப்பதற்குத் தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கழுத்து உடலோடு சேரும் இடத்திலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடிக்க வேண்டும். நடுவில் ஏழாவது, எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே சுமார் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி தெரியவேண்டும். ஃபீலர் கேஜ் இல்லாவிட்டால் ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் சரி. என்னுடையதில் பத்து ரூபாய் நாணயமே நுழைந்தது.

கால் திருகு. அவ்வளவுதான் ஒரு தடவைக்கு. திருகிவிட்டு, சுருதி சேர்த்துவிட்டு, காத்திருக்க வேண்டும். மரம் மெதுவாகத்தான் கேட்கும். முதல் தடவை ஆலன் கீயைப் பிடித்தபோது என் கை நடுங்கியது. உள்ளே ஏதாவது 'டொப்' என்று முறிந்துவிடும் என்று பயம். "நீ தொட்டா கெட்டுரும்" என்று சின்ன வயதில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! அந்தக் குரல் என் மணிக்கட்டில் உட்கார்ந்திருந்தது. கால் திருகு திருகினேன். ஒன்றும் முறியவில்லை. மறுநாள் இன்னொரு கால். அதற்கடுத்த நாள் இன்னொன்று.

கழுத்து நிமிர்ந்தபிறகுதான் தந்தியின் உயரத்துக்கு வரவேண்டும். பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியும் உட்காரும் சின்ன இரும்புத் துண்டு சேடில். அதில் இரண்டு பொடித் திருகாணிகள் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும். கடைசியில் சுருதி. தந்தியின் நடுப்புள்ளியில், பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர்மேலே, விரலை லேசாக வைத்து எழுப்பும் மணியோசையும், அங்கேயே அழுத்தி வாசிக்கும் ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தியது கூடுதலாக ஒலித்தால் சேடிலைப் பின்னால் தள்ள வேண்டும். குறைவாக ஒலித்தால் முன்னால். இந்த வரிசையை மாற்றினால் செய்ததையே திரும்பச் செய்ய வேண்டிவரும். நான் மாற்றிச் செய்து, ஒரு சனிக்கிழமை முழுக்க வீணாக்கித்தான் தெரிந்துகொண்டேன்.

அதைவிடப் பெரிய தப்பும் செய்தேன். கழுத்தின் உச்சியில் தந்திகள் பள்ளத்தில் உட்காரும் வெள்ளைத் துண்டு ஒன்று உண்டு. அந்தப் பள்ளம் மேடாக இருந்தால் முதல் கட்டங்களில் அழுத்துவது சிரமம். திண்டுக்கல் போனபோது மெல்லிய ஊசி அரம் வாங்கினேன். பூட்டுக்குப் பேர்போன ஊர். அரத்துக்கு அங்கே பஞ்சமில்லை. பூட்டுப் பட்டறைப் பெரியவர் ஒருவர் பிடிக்கும் முறையைக் காட்டினார். "தள்ளும்போதுதாம்மா வெட்டும். இழுக்கும்போது தூக்கிரு" என்றார். வீட்டுக்கு வந்து மூன்று பள்ளத்தை நன்றாகவே தேய்த்தேன். நான்காவதில் உற்சாகம் கூடிவிட்டது. மெல்லிய தந்தி அடிமட்டத்துக்கு இறங்கி, முதல் ஃப்ரெட்டில் உரசி வண்டுபோல இரைய ஆரம்பித்தது.

கெடுத்துவிட்டேன். முப்பத்தாறு வயதில், முதல்முறையாக, ஒரு பொருளைக் கழற்றிக் கெடுத்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் தேடிப் படித்ததில் சமையல் சோடாவும் ஃபெவிகுயிக்கும் போதும் என்று தெரிந்தது. பள்ளத்தில் சோடாவைப் பொடியாகத் தூவி, ஒரு சொட்டுப் பசை விட்டால் நொடியில் கல்லாக இறுகும். பிறகு பொறுமையாகத் தேய்த்துப் புதுப்பள்ளம் எடுக்கலாம். ஆப்ப சோடா டப்பாவை எடுத்துக்கொண்டு போனபோது அம்மா, "ஏங்கண்ணு, அதுக்கும் பலகாரம் சுடப் போறியா?" என்று கேட்டார். இன்றுவரை அந்தச் சோடாவில்தான் அந்தத் தந்தி உட்கார்ந்திருக்கிறது.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கருவிகள் ஆண்களுடையவை என்று நான் வளர்ந்தேன் என்றேன். அது முழு உண்மையில்லை. ஆட்டுக்கல்லைத் தடவிப்பார்த்தே கொத்தும் நாள் வந்துவிட்டதா என்று அம்மா சொல்வார். ஸ்டவ் திரியை வெட்டி ஏற்றுவார். தையல் மிஷினைக் கழற்றி எண்ணெய் விடுவார். அதையெல்லாம் யாரும் ரிப்பேர் என்று சொன்னதில்லை, அம்மா உட்பட. அதற்குப் பெயர் வீட்டைப் பார்த்துக்கொள்வது. ஸ்பேனர் தொட்டால்தான் அது வேலை.

இது எங்கள் வீட்டோடு நிற்பதில்லை. வீணை வாசிக்கும் பெண்களை நம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் வீணையின் மெட்டுகளை மெழுகில் புதிதாகப் பதிக்கும் வேலைக்கு, மேளம் கட்டுவது என்பார்கள், ஆண் ஆசாரியைத்தான் தேடிப்போகிறோம். மேற்கே போனால் இன்னும் வேடிக்கை. இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் படைக்குப் போனபோது, அமெரிக்காவின் கலமசூ நகரிலிருந்த கிப்சன் ஆலையில் கிட்டார் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அந்தக் கிட்டார்கள் இன்று பெரிய விலைக்குப் போகின்றன. பெண்கள் செய்த கதை பல பத்தாண்டுகள் வெளியே வரவில்லை; ஜான் தாமஸ் என்பவர் அவர்களைத் தேடிப்போய்ப் புத்தகம் எழுதிய பிறகுதான் பேசப்பட்டது. லியோ ஃபெண்டர் 1951-இல் பிரசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். அவர் நிறுவனத்தில் 1956-இல் சேர்ந்த அபிகேல் இபாரா, ஒலியைப் பிடிக்கும் காந்தத்தைச் சுற்றி மயிரிழைச் செம்புக் கம்பியைப் பல பத்தாண்டுகள் சுற்றினார். அவர் சுற்றிய பிக்அப்புகளை இசைக்கலைஞர்கள் தேடி வாங்கினார்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் பம்ப்செட் பட்டறைகளில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் பெண்களைப் பார்க்கும்போது எனக்கு அவர் நினைவு வரும். எங்கள் கிணற்று மோட்டாரின் காயிலைக்கூட ஒரு பெண் சுற்றியிருக்கலாம். கெட்டுப்போனால் டார்ச் பிடிக்க மட்டும் இன்னொரு பெண்!

வாசிப்பிலும் முன்னோடிகள் உண்டு. 1935-இல் பிறந்த கரோல் கே, லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் ஆயிரக்கணக்கான பதிவுகளுக்கு வாசித்தவர். ஒலி தெளிவாக நறுக்கென்று நிற்கப் பிரிட்ஜ் பக்கம் தந்திகள்மேல் கம்பளித் துணி வைத்துக்கொள்வார். நம்மூரில் மோகினி டே, ஏ.ஆர். ரகுமானின் குழுவில் பேஸ் வாசித்தவர், 1996-இல் பிறந்தவர். அவருடைய முதல் ஆசான் அவருடைய அப்பா. அப்பா கருவியைக் கையில் கொடுத்திருக்கிறார், டார்ச்சை அல்ல.

ஆனால் எனக்கு முதல் பாடம் எடுத்தவர்கள் இவர்கள் யாருமில்லை என்பது பின்னால்தான் உறைத்தது. திண்டுக்கல்லில் படித்தபோது சக்தி கலைக்குழுவின் நிகழ்ச்சியைப் பார்த்திருக்கிறேன். சகோதரி சந்திரா தொடங்கிய அமைப்பு. தலித் இளம்பெண்கள் அங்கே பறை கற்று மேடையேறுகிறார்கள். நிகழ்ச்சிக்கு முன்னால் மைதான ஓரத்தில் தீமூட்டி, அந்தப் பெண்கள் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஈரக்காற்றில் தோல் தொய்ந்துவிடும், சூட்டில் இறுகும். ஒரு பெண் பறையைத் தீக்குக் காட்டுவாள், எடுத்து விரலால் தட்டிக் கேட்பாள், மறுபடி காட்டுவாள். அளந்து, சரிசெய்து, மறுபடி அளப்பது. நான் செய்வதும் இதேதான்.

அன்று நான் தள்ளி நின்று பார்த்தேன். தள்ளி நின்றது சும்மா இல்லை. எங்கள் தெருவில் பறை என்றால் சாவுவீடு. அடிப்பவர்கள் வாசலுக்கு வெளியே நிற்பார்கள். அந்தக் கருவியைத் தொடக்கூடாது என்று எனக்குச் சொல்லித்தந்ததும், மோட்டாரைத் தொடாதே என்று சொல்லித்தந்ததும் ஒரே வீடு. ஒன்று என் சாதியைக் காப்பாற்ற, இன்னொன்று என்னைப் பெண்ணாக வைத்திருக்க. இரண்டாவது தடையால் நான் பட்ட கஷ்டத்தை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். முதலாவது தடையால் அவர்கள் பட்டது இதோடு ஒப்பிடக்கூடியது அல்ல. அதைத் தாண்டித்தான் அவர்கள் தீயின் முன்னால் நின்றார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதிப் பொய்.

இப்போது நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வாசிக்கிறோம். ஒருத்தி சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவள், ஒருத்தி பாடுவாள், நான் பேஸ். போன மகளிர் தினத்துக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் கூப்பிட்டிருந்தார்கள். மேடையேறப் பத்து நிமிடம் இருக்கும்போது கேபிளைச் செருகினேன். சத்தமில்லை. ஒயர் செருகும் ஜாக்கின் நட்டு தளர்ந்திருந்தது. ஒரு வாரம் முன்பே கவனித்தேன். ஸ்பேனரை எடுக்கச் சோம்பல்பட்டு விரலால் இறுக்கிவிட்டிருந்தேன். ஒவ்வொரு முறை செருகும்போதும் ஜாக் சேர்ந்து சுற்றி, உள்ளே ஒயர் முறுக்கி அறுந்துவிட்டது. இதில் எந்தக் கடைக்காரரும் குற்றவாளி இல்லை. நான்தான்.

மைக் செட் அண்ணன் கையை நீட்டினார். "குடுங்க மேடம், நா பாத்துத் தர்றேன்." நல்ல மனிதர். பழக்கத்தில் நானும் நீட்டப் போனேன். நடுவழியில் கை நின்றது.

"சால்டரிங் அயர்ன் இருந்தாக் குடுங்கண்ணா. நீங்க கொஞ்சம் லைட் மட்டும் புடிங்க" என்றேன்.

ஒரு கணம் யோசித்தார். பிறகு அயர்னைச் சூடாக்கிக் கொடுத்துவிட்டு, செல்போன் லைட்டைப் போட்டுப் பிடித்தார். மேல்தட்டைக் கழற்றினேன். பின்னல் ஒயர் தரைக்கு, அது பிழைத்திருந்தது. அறுந்தது நடு ஒயர். முனையைச் சீவி ஈயம் பூசி, ஜாக்கின் காதைச் சூடாக்கி, ஈயம் உருகிப் படர்ந்ததும் அசைக்காமல் பிடித்தேன். ஊதக்கூடாது, தானாக ஆறவேண்டும். ஏழு நிமிடம் ஆனது. என் ஈயம் அவர் போடுவதைப்போல வழவழப்பாக இல்லை, கொஞ்சம் கட்டிதட்டியிருந்தது. ஆனால் சத்தம் வந்தது. அவர் லைட்டை அணைத்துவிட்டு, "நட்டுக்கு ஒரு வாஷர் போடுங்க, திரும்பக் கழலாது" என்றார். அது நல்ல யோசனை. மறுநாள் போட்டேன்.

வீட்டில் அம்மா பால்கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் நான் கிட்டார் கணக்கு எழுதுகிறேன். தேதி, இடைவெளி, உயரம், எந்தப் பக்கம் எவ்வளவு திருகு. ஐப்பசி மழையில் என் கிட்டாரின் கழுத்து குனிகிறது, சித்திரையில் நிமிர்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை கால் திருகு. வாசித்து முடித்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டால் தந்தி நெடுநாள் வரும். மங்கிப்போன தந்தியைப் பழைய பாத்திரத்தில் கொதிக்கவைத்துத் துடைத்தால் கொஞ்ச நாளைக்குப் பளிச்சென்று பேசும். மரத்துக்குத் தேங்காயெண்ணெய் போடச் சொல்லும் உறவினர்களை நம்பாதீர்கள். சிக்குப் பிடித்து வாடை வரும்.

போன மாதம் மோட்டார் மறுபடி நின்றது. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கண் சரியாகத் தெரிவதில்லை. தம்பி சென்னையில் இருக்கிறான். அப்பா வழக்கம்போல ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார், நான் டார்ச்சோடு பின்னால். ஸ்டார்ட்டர் பெட்டிமுன் போய் நின்று, மூடியைத் திறக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் என் கையிலிருந்து டார்ச்சை வாங்கிக்கொண்டார்.

மெயினை அணைத்துவிட்டுத் திறந்தேன். உள்ளே எல்லாம் எனக்குத் தெரிந்த இடத்திலேயே இருந்தது. வெளிச்சம் மட்டும் கொஞ்சம் ஆடியது.

"அப்பா, இன்னும் கொஞ்சம் எடப்பக்கம்" என்றேன்.